ஒரே பணிக்கு இரண்டு ஊதியம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின் சில நிமிடங்கள் பேசும்படி நிர்வாகத்தினர் என்னைக் கேட்டுக்கொள்வது வழக்கம். இவ்வாண்டு ஊதியம் என்னும் பொருளை எடுத்துக்கொண்டுள்ளேன். ஜமாஅத்திடம் சம்பளம் வாங்குபவன் சம்பளத்தைப் பற்றிப் பேச வந்தால் கேட்பவர் மனத்தில் சிறு ஐயம் எழுவது இயல்பே. ஆகவே தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இவ்வுரையில் என் சம்பளத்தை உயர்த்தக் கோரும் சொல் ஒன்றும் இல்லை. நான் வேண்டாமென்று கேட்டுக்கொள்ளப் போகும் ஏற்பாடு, உண்மையில் என் சம்பளத்தைப் பாதுகாக்கும் ஏற்பாடே ஆகும். அது என்னவென்பதை உரையின் இறுதியில் காண்போம்.

உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்ற நபிமொழி நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அது கூலி கொடுக்கும் நேரத்தைப் பற்றியது. நான் இன்று பேச விரும்புவது கூலியின் அளவைப் பற்றி. குறிப்பாக, ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இரண்டு அளவு வைப்பதைப் பற்றி.

வேறுபாடு அனைத்தும் அநீதியன்று

எல்லோருக்கும் சமமான சம்பளம் தர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இருபது ஆண்டுகள் ஜவுளிக் கடையில் நின்று, துணியைத் தொட்ட மாத்திரத்தில் அதன் தரத்தைச் சொல்லிவிடும் மூத்த விற்பனையாளர் ஒருவர் இருக்கிறார். நேற்றுச் சேர்ந்து துணி மடிக்கப் பழகும் பையன் ஒருவன் இருக்கிறான். இருவருக்கும் ஒரே சம்பளம் என்றால் அந்த மூத்தவருக்கு அநீதி இழைத்தவர்கள் ஆவோம். தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கத் தெரிந்தவருக்கும் தோலைச் சுமந்து செல்பவருக்கும் ஊதியம் மாறுபடுவதை இருவருமே ஏற்றுக்கொள்கிறார்கள். திறமை, பொறுப்பு, அனுபவம், ஆபத்து ஆகியவற்றால் வரும் வேறுபாட்டுக்குக் காரணம் வேலையிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. கீழே இருப்பவர் உழைத்துக் கற்றுக்கொண்டால் மேலே வரவும் முடிகிறது.

நான் சொல்ல வருவது வேறு வகையைச் சேர்ந்தது. ஒரே மேசையில், ஒரே நேரத்தில், ஒரே திறமையோடு ஒரே வேலையைச் செய்யும் இருவர். ஒருவர் குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன் சேர்ந்தவர். மற்றவர் பின் சேர்ந்தவர். அல்லது ஒருவர் நிறுவனத்தின் நேரடிப் பணியாளர். மற்றவர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர். இந்த ஒரு காரணத்துக்காக ஒருவருக்குக் கூடுதலாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் ஊதியம் வகுக்கப்படுகிறது. கீழடுக்கில் இருப்பவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும், எவ்வளவு தேர்ச்சி பெற்றாலும் மேலடுக்கை எட்ட வழியில்லை. முன்னதை ஏணி எனலாம். பின்னதைச் சுவர் எனலாம்.

இது மார்க்கச் சட்டப்படி செல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. இரு தரப்பும் அறிந்து, மனமொப்பிப் பேசி முடித்த கூலி செல்லுபடியாகும் என்பதே ஃபிக்ஹு நூல்களின் பொது விதி. எனவே நான் இங்கே ஃபத்வா எதுவும் வழங்கவில்லை. ஆயினும் அதே நூல்களில் 'உஜ்ரத்துல் மிஸ்ல்' என்றொரு சொல் உண்டு. கூலி பேசப்படாமலோ, ஒப்பந்தம் பழுதுபட்டோ போனால், அதைப் போன்ற வேலைக்கு வழக்கமாக எவ்வளவு தரப்படுகிறதோ அதையே தர வேண்டும் என்பது அதன் பொருள். கூலிக்கு நியாயமான அளவுகோல் எதுவென்று தேடிய அறிஞர் பெருமக்கள், அதே போன்ற வேலைக்குப் பக்கத்தில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்பதைத்தான் பார்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. உழைப்பவரும் அதைத்தான் பார்க்கிறார்.

கலீபாக்கள் காலத்துப் பதிவேடு

வரலாற்றில் அடுக்கு முறைக்கு மிகப் பழைய சான்று ஒன்று நம்மிடமே உள்ளது. முதல் கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பொது நிதியில் வந்த செல்வத்தை மக்களுக்குச் சமமாகப் பங்கிட்டார்கள். இஸ்லாத்தில் முந்தியவர்களுக்குக் கூடுதலாகத் தரலாமே என்று கேட்கப்பட்டபோது, அவர்களுடைய சிறப்புக்குரிய கூலி இறைவனிடம் இருக்கிறது. இதுவோ வயிற்றுப்பாட்டுக்கானது, இதில் சமமே மேல் என்ற கருத்தில் விடையளித்தார்கள்.

இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்கள் இதில் வேறு கருத்துக் கொண்டிருந்தார்கள். 'திவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, ஒவ்வொருவருக்கும் ஆண்டு உதவித் தொகையை வகுத்தார்கள். இது தினக்கூலி போன்றதன்று. அரசு வழங்கிய மானியம். எனினும் ஓர் அரசு தன் மக்களை அடுக்கடுக்காகப் பிரித்துப் பணம் வழங்கிய முறை என்பதால் நம் பொருளுக்கு மிகவும் பொருந்துகிறது. பத்ரில் கலந்துகொண்டவர்களுக்கு ஆளுக்கு 5,000 திர்ஹம் என்றும், மற்றவர்களை விட அவர்களுக்கு மேன்மை தரவே இவ்வாறு செய்ததாகவும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பின்னர் வந்தோருக்குப் படிப்படியாகக் குறைந்தது.

அதே புகாரியில் இன்னொரு செய்தி உண்டு. தொடக்கக் கால முஹாஜிர்களுக்கு 4,000 வகுத்த உமர் (ரலி) அவர்கள், தம் சொந்த மகன் அப்துல்லாஹ்வுக்கு 3,500 மட்டுமே வகுத்தார்கள். அவரும் முஹாஜிர்களில் ஒருவர்தானே, ஏன் குறைத்தீர்கள் என்று கேட்கப்பட்டது. அவரைப் பெற்றோர் அழைத்து வந்தனர். தாமே புறப்பட்டு வந்தவரைப் போன்றவர் அல்லர் என்று கலீபா விளக்கினார்கள்.

இந்நிகழ்ச்சியில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. வேறுபாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை ஆட்சியாளரிடம் நேருக்கு நேர் கேட்க முடிந்தது. அவரும் மறைக்காமல் சொன்னார். குறைவான அடுக்கில் அவர் முதலில் நிறுத்தியவர்களுள் தம் மகனும் ஒருவர். இத்தனை நேர்மையோடு நடத்தப்பட்ட அடுக்கு முறையையும் அவர்கள் நிலையானதாகக் கருதவில்லை. அடுத்த ஆண்டு வரை உயிரோடிருந்தால் கடைசியில் உள்ளவர்களை முதலில் உள்ளவர்களோடு சேர்த்துச் சமமாக்கிவிட எண்ணியிருந்ததாகக் கிதாபுல் கராஜ் போன்ற பழைய நூல்கள் கூறுகின்றன. பின்னர் அலீ (ரலி) அவர்கள் சமப் பங்கீட்டுக்கே திரும்பினார்கள்.

உமர் (ரலி) அவர்களே மறுபரிசீலனைக்கு உரியதென்று எண்ணிய ஒரு முறையை, காரணம் சொல்லாமலும், கேட்க இடம் தராமலும், தம்மையும் தம் பிள்ளைகளையும் மேலடுக்கில் வைத்துக்கொண்டும் நடத்துவோர் எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வராதவர் தலையில் விழுந்த சுமை

இக்காலத்தில் இம்முறை அமெரிக்காவில் பெரிய அளவில் கையாளப்பட்டது. 1980களில் அந்நாட்டு நிறுவனங்கள் பலவும் இதை மேற்கொண்டன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமான நிறுவனம் 1983இல் புதிதாகச் சேரும் விமானிகளுக்கென்று 'பி ஸ்கேல்' என்ற தனி விகிதத்தை வகுத்தது. ஒரே விமானத்தை ஓட்டும் இருவர் இரு வேறு விகிதங்களில் ஊதியம் பெற்றனர்.

அடுத்தது கார் தொழில். 2007இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களும் நெருக்கடியில் இருந்தன. தொழிலாளர் சங்கத்தோடு நடந்த பேச்சின் முடிவில் இரட்டை அடுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏற்கனவே பணியில் இருப்போர் மணிக்கு ஏறத்தாழ 28 டாலர் பெற்றுவந்தனர். புதிதாகச் சேர்க்கப்படுவோருக்கு அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 14 டாலர் என்று முடிவாயிற்று.

இந்த ஒப்பந்தத்துக்கு வாக்களித்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். பழைய தொழிலாளர்கள் வாக்களித்தார்கள். நிர்வாகம் செலவைக் குறைக்க விரும்பியது. சங்கம் தன் உறுப்பினர்களின் ஊதியத்தைக் காக்க விரும்பியது. இரு தரப்பும் ஒரு வழியில் உடன்பட்டன: அறையில் இல்லாத மூன்றாம் தரப்பின் தலையில் சுமையை ஏற்றிவிட்டன. வரப்போகும் தொழிலாளி அன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பான். அவனுக்கு வாக்கும் இல்லை, குரலும் இல்லை. இம்முறை எல்லா இடங்களிலும் எளிதாக நிறைவேறுவதற்குக் காரணம் இதுவே. இழப்பவர் கூட்டத்தில் இல்லாததால் எதிர்ப்பு எழுவதில்லை.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல நிலைமை மாறியது. வராதவர்கள் வந்து சேர்ந்தார்கள். பழையவர்கள் ஓய்வு பெறப் பெற, கீழடுக்கினர் எண்ணிக்கையில் பெருகினர். அதே இயந்திரத்தின் முன் நிற்கும் இருவரிடையே கசப்பு வளர்ந்தது. 2015இல் கிரைஸ்லர் தொழிலாளர்கள், சங்கத் தலைமையே கொண்டுவந்த ஒப்பந்தத்தை மூவரில் இருவர் என்ற அளவில் நிராகரித்தனர்; அடுக்கு முறை ஒழியவில்லை என்பது அதற்கொரு முக்கியக் காரணம். அதன் பின் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தில் கீழடுக்கினர் எட்டு ஆண்டுகளில் மேல் விகிதத்தை எட்டலாம் என்றாயிற்று. 2023 செப்டம்பரில் மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அடுக்குகளை ஒழிக்க வேண்டும் என்பது அதன் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. ஆறு வாரங்கள் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் எட்டு ஆண்டுகள் மூன்றாகக் குறைந்தன. பல அடுக்குகள் நீக்கப்பட்டன. 2007இல் எளிதாகக் கிடைத்த சேமிப்புக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து அந்நிறுவனங்கள் விலை கொடுத்தன.

ஒரு நாள் வித்தியாசம்

தொலைதூரம் செல்ல வேண்டாம். நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. நம் ஜமாஅத்திலும் அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டித் தமிழக அரசு 2009 ஜூன் மாதத்தில் புதிய ஊதிய விகிதங்களை நடைமுறைப்படுத்தியது. முன்பே பணியில் இருந்தவர்களுக்குப் பழைய அடிப்படை ஊதியமான 4,500 ரூபாயை 1.86ஆல் பெருக்கி 8,370 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கோ புதிய விகிதத்தின் தொடக்க நிலையான 5,200 ரூபாய் என்றாயிற்று. மே 31இல் சேர்ந்தவருக்கும் ஜூன் 1இல் சேர்ந்தவருக்கும் அடிப்படை ஊதியத்தில் மட்டும் 3,170 ரூபாய் வேறுபாடு. அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால் அந்த இடைவெளி ஆண்டுதோறும் விரிந்தது.

இருவரும் பெற்ற பயிற்சி ஒன்று. நடத்தும் பாடம் ஒன்று. ஒரே பள்ளியில் பக்கத்து வகுப்பறைகளில் நிற்பவர்கள். ஏறத்தாழ 20,000 ஆசிரியர்களைப் பாதித்த இந்த வேறுபாட்டை எதிர்த்து 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் அவர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. 2023 தொடக்கத்தில் அரசு இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அவர்கள் உயர்த்திப் பிடித்த பதாகைகளில் இருந்த கோரிக்கை, சம வேலைக்குச் சம ஊதியம் என்பதே.

இங்கே எவரும் வேண்டுமென்று தீங்கு செய்யவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெருக்கல் கணக்கு ஒரு பிரிவினருக்குப் பொருந்தியது. மற்றொரு பிரிவினருக்குப் பொருந்தவில்லை. எழுதுமேசையில் ஒரு வரியாகத் தெரிந்தது வகுப்பறையில் ஒரு தலைமுறையின் மனக்குறையாக நின்றது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும்போது, தேதி ஒன்றே காரணம் என்று சொல்லி எவரையும் அமைதிப்படுத்த முடியாது.

இந்த உணர்வை நீதிமன்றமும் மதித்திருக்கிறது. டெல்லிக் காவல் துறையின் ஓட்டுநர் ஒருவர், டெல்லி நிர்வாகத்தின் மற்ற ஓட்டுநர்களை விடத் தமக்கு ஊதியம் குறைவு என்று தொடுத்த வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்று 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசின் தற்காலிகப் பணியாளர்கள் தொடர்பான வழக்கில், நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்பவருக்கு அந்தப் பணியின் விகிதத்தில் குறைந்தபட்ச ஊதியமாவது தரப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மனம் எதை அளக்கிறது?

சிலர் கேட்கலாம்: குறைவென்று தெரிந்தும்தானே வேலைக்கு வந்தான், பேசிய சம்பளத்தைக் கொடுக்கிறோமே, அவன் ஏன் மனம் சுளிக்க வேண்டும்? இதற்கு மனித இயல்பை ஆராய்ந்தோர் விடை கண்டிருக்கிறார்கள். மனிதன் தன் சம்பளத்தைத் தனியே வைத்துப் பார்ப்பதில்லை. தான் கொடுத்த உழைப்பையும் பெற்ற ஊதியத்தையும் பக்கத்தில் இருப்பவர் கொடுத்ததோடும் பெற்றதோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறான் என்று ஸ்டேசி ஆடம்ஸ் என்னும் உளவியல் அறிஞர் 1963இல் எழுதினார்.

நம் நாட்டில், ஒடிசா மாநிலத்தில் எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தசானி என்னும் மூன்று பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் வெளியாயிற்று. எளிய கைத்தொழில்களில் ஈடுபட்ட 378 தொழிலாளர்களை மூவர் மூவராகப் பிரித்து ஒரு மாத காலம் வேலை கொடுத்தனர். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே தினக்கூலி; சில குழுக்களில் மூவருக்கும் வெவ்வேறு கூலி. ஒரே அளவு கூலி வாங்கிய இருவரை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தன்னைப் போலவே மற்றவர்களும் வாங்கும் குழுவில் இருந்தவர் நன்றாக உழைத்தார். மற்றவர்கள் தன்னை விடக் கூடுதலாக வாங்கும் குழுவில் இருந்தவரின் உற்பத்தி குறைந்தது. ஏற்றத்தாழ்வு இருந்த குழுக்களில் வருகையும் 18 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. அன்றாடம் காய்ச்சியான தொழிலாளி, வந்தால் கிடைக்கும் கூலியையே இழந்து வீட்டில் இருந்துவிடுகிறான் என்றால் அந்த மனவலி எத்தகையது! அக்குழுவினர் தமக்கே நன்மை தரும் காரியத்திலும் ஒருவரோடொருவர் ஒத்துழைக்க இயலாதவர்களாயினர். கூடுதலாக வாங்கியவருக்கும் அந்தச் சூழல் நன்மை செய்யவில்லை.

இந்த ஆய்வின் மற்றொரு பகுதி நம் பொருளுக்கு இன்னும் முக்கியமானது. யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்த வேலைகளில், கூலி வேறுபாட்டால் இத்தீங்கு எதுவும் விளையவில்லை. அதிகம் செய்பவர் அதிகம் வாங்குகிறார் என்பதை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆக, பொறாமைதான் காரணம் என்று தொழிலாளியைக் குறை கூறுவது சரியன்று. வேறுபாட்டை அவன் தாங்கிக்கொள்கிறான். காரணம் தெரியாத வேறுபாட்டைத்தான் தாங்க முடிவதில்லை.

அப்படியானால் சம்பளத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துவிடலாமே என்று தோன்றும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பணியாளர்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. சக பணியாளர்களின் சம்பளத்தைப் பார்க்க வழியுண்டு என்று அவர்களில் சிலருக்குத் தெரிவிக்கப்பட்டது. தம் பிரிவில் நடுத்தர அளவுக்குக் கீழே வாங்குகிறோம் என்று கண்டவர்களிடம் மனநிறைவு குறைந்தது. வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே வாங்குகிறோம் என்று கண்டவர்களிடமோ மகிழ்ச்சி கூடவில்லை. கீழே உள்ளவர் இழந்ததை மேலே உள்ளவர் பெறவில்லை. இடையில் அது வீணாயிற்று. மறைத்து வைத்த சம்பளம் என்றேனும் ஒருநாள் வெளிப்படும். தேநீர்க் கடையில் நான்கு பேர் கூடும் ஊரில் எந்தச் சம்பளமும் நெடுநாள் மறைந்திருப்பதில்லை.

வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நம் சகோதரர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. ஒரே அலுவலகத்தில், ஒரே வேலைக்கு, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பார்த்துச் சம்பளம் பேசப்படுவதைக் கண்டவர்கள் அவர்கள். கத்தார் அரசு 2021 மார்ச் முதல் எந்நாட்டவர் என்று பாராமல் அனைவருக்கும் 1,000 ரியால் என்று குறைந்தபட்ச ஊதியத்தை நடைமுறைப்படுத்தியபோது அந்தச் செய்தியை அவர்கள் எவ்வளவு ஆர்வத்தோடு பேசினார்கள் என்பது நினைவிருக்கலாம். தொகை சிறிதுதான். எனினும் அளவுகோல் ஒன்று என்பதே அதில் இருந்த ஆறுதல்.

நம் கடைகளும் தொழிற்கூடங்களும்

இந்த அவையில் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், முதலாளிகளும் இருக்கிறார்கள். முதலாளிகளாக உள்ள சகோதரர்களின் சிரமத்தை நான் அறியாதவனல்லன். தோல் விலை, ஏற்றுமதி ஆர்டர், வாடகை, வரி என்று பல பக்கமும் நெருக்கும்போது புதிதாக வருபவரின் சம்பளத்தைக் குறைப்பது மிக எளிய வழியாகத் தெரிகிறது. பணியில் இருப்பவரின் சம்பளத்தில் கை வைத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வரப்போகிறவருக்கோ இன்னும் முகமே இல்லை. ஆயினும் அவர் வந்த பின் தினமும் அவர் முகத்தைப் பார்க்கத்தானே போகிறோம்?

எனவே நான்கு செய்திகளை உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

முதலாவது, வேறுபாடு இருக்குமானால் அதன் காரணம் வேலையில் இருக்கட்டும். எந்தத் தேதியில் வந்தார், யார் மூலம் வந்தார், ஆணா பெண்ணா என்பதில் இருக்க வேண்டாம். தொழிற்கூடத்துக்குள் ஷூவின் மேற்பகுதியைத் தைப்பவருக்கும், அதையே வீட்டுக்கு வாங்கிச் சென்று தைத்துத் தரும் பெண்ணுக்கும் ஜோடிக்கு என்ன தருகிறோம் என்பதை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது, காரணத்தைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். பின்னர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். கலீபாவிடமே கேட்க முடிந்தது.

மூன்றாவது, சுவரை ஏணியாக்குங்கள். புதியவர் குறைவாகத் தொடங்கலாம். இத்தனை ஆண்டில் மற்றவர் பெறும் அளவை நீயும் எட்டுவாய் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். நம்பிக்கையோடு ஏறுபவர் கீழ்ப்படியில் நிற்பதை அவமானமாக எண்ணுவதில்லை.

நான்காவது, உண்மையாகவே நெருக்கடி வந்தால் அதை இருப்பவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளட்டும். பங்கீடு மேலிருந்து தொடங்கட்டும்.

திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவில் குறைவு செய்வோரின் பெயராலேயே அமைந்திருப்பதை நாம் அறிவோம். வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைக் கண்டிப்பது அது. தராசையும் படியையும் எண்ணியே அதை ஓதுகிறோம். ஒருவரிடமிருந்து முழு உழைப்பையும் வாங்கிக்கொண்டு, அதே உழைப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தருவதை விடக் குறைத்துத் தருபவர், தம் கையில் இருப்பதும் ஒரு படிதானே என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மதரஸா

இறுதியாக நம் இல்லத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருப்பதால் மக்தப் மதரஸாவுக்குப் புதிய உஸ்தாதுமார்கள் தேவைப்படுகிறார்கள். இப்போது இருப்பவர்களின் சம்பளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இனி வருபவர்களுக்குக் குறைந்த தனி விகிதம் ஒன்றை வகுக்கலாம் என்ற யோசனை நிர்வாகத்தின் முன் இருக்கிறது. யாருடைய சம்பளத்தையும் குறைக்காமல் சமாளிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த யோசனை அது. நான் பழையவன்; என் சம்பளம் காக்கப்படுகிறது. அதனால்தான் இதைப் பேசும் கடமை எனக்கு இருப்பதாகக் கருதுகிறேன். வரப்போகும் அந்த இளம் ஆலிம் இன்று இந்த அவையில் இல்லை. எங்கோ ஓர் அரபிக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருப்பார். அவருக்காகப் பேச இங்கே ஒருவராவது வேண்டும்.

அவர் வந்த பின் நடப்பதை ஊகிக்க ஆய்வு எதுவும் வேண்டாம். நான் ஓதிக்கொடுக்கும் அதே பாடத்தை அவரும் ஓதிக்கொடுப்பார். ஃபஜ்ருக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் என்னைப் போலவே அமர்ந்திருப்பார். சில மாதங்களில் வேறுபாட்டை அறிந்துகொள்வார். மார்க்கப் பணி என்பதால் வாய் திறக்க மாட்டார். ஆனால் அடுத்த ஷவ்வாலில் வேறு ஊருக்குச் சென்றுவிடுவார். பிறகு இன்னொருவர் வருவார். ஆண்டுக்கொரு உஸ்தாதிடம் எழுத்துக்கூட்டித் தொடங்கும் பிள்ளையின் ஓதல் என்னவாகும்? அந்த இழப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறாது.

பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்களின் நிலையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதே பாடத்திட்டம், அதே நேரம். அவர்களுக்கு வகுத்துள்ள தொகையை உஸ்தாதுமார்களின் தொகைக்குப் பக்கத்தில் எழுதினால், வேலையில் இருந்து காட்டக்கூடிய காரணம் ஒன்றையும் நம்மால் சொல்ல முடியாது.

ஆகவே நிர்வாகத்தினருக்குப் பணிவோடு ஒரு மாற்று யோசனையை வைக்கிறேன். ஆண், பெண், பழையவர், புதியவர் அனைவருக்கும் பணியாண்டுகளை அடிப்படையாகக் கொண்ட ஒரே ஊதியப் பட்டியலை வகுத்து, அலுவலகச் சுவரில் ஒட்டிவைப்போம். புதியவர் முதல் படியில் தொடங்கட்டும். எந்த ஆண்டு எந்தப் படிக்கு வருவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். இதனால் வரும் பற்றாக்குறையை ஈடுகட்ட மாதச் சந்தாவைச் சிறிது கூட்டுவதையும், முகப்பு அலங்கார வேலையை ஓராண்டு ஒத்திவைப்பதையும் பரிசீலிக்கலாம். அதுவும் போதாதென்றால் பழையவர்களின் ஆண்டு உயர்வை ஓராண்டு நிறுத்திவைக்கலாம். அந்தப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

உழைப்போரிடையே நீதியோடு நடந்துகொள்ளும் நல்ல மனத்தையும், அதற்குரிய வசதியையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நம் வியாபாரங்களிலும் தொழில்களிலும் பரக்கத் செய்வானாக. நம் மதரஸாவை நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.